எண்ணெய் குடித்த தோல்

எங்கள் குடும்பத்தைப் பற்றிக் காவேரிப்பாக்கத்திலும் வாலாஜாவிலும் நெடுங்காலம் வழங்கிவந்த ஒரு பேச்சு உண்டு. ஏரி நடுவே எங்கள் படகு நின்றுபோனதற்குக் காரணம், அதன் இயந்திரத்தில் நாங்கள் மட்டமான தோலை வைத்ததுதான் என்பார்கள். தன் ஷாப்புத் தோலே தனக்கு உதவாதவனிடம் அடுத்தவன் எப்படித் தோலைப் பதனிடக் கொடுப்பான் என்று அதற்கு ஒரு வாலும் ஒட்டினார்கள். நான் அதற்கு ஒருநாளும் மறுமொழி கூறியதில்லை. தெருவில் நின்று வாதாடுவது எங்கள் வழக்கமன்று. ஆயினும் அந்தப் படகில் இருந்தவர்களில் இன்று எஞ்சியிருப்பவன் நான் ஒருவனே. எனக்குப் பின் அந்தப் பேச்சு மட்டும் மிஞ்சிவிடக் கூடாது என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். தோல் மட்டமானதன்று. அதனினும் நல்ல தோல் அந்நாளில் வட ஆர்க்காட்டில் எவரிடமும் இருந்திருக்க முடியாது.

என் தந்தையை நாங்கள் நைனா என்று அழைப்போம். அவர் இளமையில் ராணிப்பேட்டையில் பிறருடைய தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் கூடத்தில், சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி உழைத்தவர். சுண்ணாம்பில் வெந்து விழுந்த கால் நகம் மறுபடி முளைக்கும் வரையில்கூட வீட்டில் இருந்ததில்லை என்று என் தாயார் சொல்வார். அவர் பிற்பாடு ஏரிக்கரையின் கீழே சொந்தமாக ஒரு சிறு ஷாப்பு வைத்தார். எங்கள் கிறிஸ்தவ சபையில் முன் வரிசைக்குப் பின் வரிசையில் அவருக்கு இடம் கிடைத்தது. என்னை வேலூருக்கு அனுப்பிக் கல்லூரியில் பௌதிக சாஸ்திரம் படிக்க வைத்தார். பட்டம் பெற்றுத் திரும்பிய நான் ஷாப்பின் வெளிவேலைகளைக் கவனித்தேன். தொட்டி வேலைகளை என் தாயாரின் தம்பியாகிய மாமா மேஸ்திரியாக இருந்து நடத்தினார்.

தோலைப் பதனிட ஆவாரம் பட்டை வேண்டும். எங்களுக்குப் பட்டை ஏரியின் எதிர்க்கரையிலிருந்து வந்தது. அங்கே மேட்டு நிலங்களில் வெட்டி உலர்த்தி ஒரு கொட்டகையில் குவித்திருப்போம். மாட்டு வண்டி ஏரியைச் சுற்றிவர வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் இயலாது. ஆகவே நைனா, சென்னைக்கு வடக்கே கால்வாயில் விறகும் உப்பும் சுமந்து ஓய்ந்த ஓர் இரும்புப் படகை, அதன் எண்ணெய் இயந்திரத்தோடு வாங்கி, வண்டிகளைப் பிணைத்து ஏற்றிக்கொண்டு வந்து ஏரியில் இறக்கினார். அதைப் பார்க்கக் கரை நெடுகக் கூட்டம் நின்றது. அன்று அவர் அணிந்திருந்த வெள்ளைக் கோட்டு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அந்தப் படகின் கியர்ப் பெட்டியைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். இயந்திரம் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் சுழலும். தண்ணீருக்குள் இருக்கும் விசிறியை முன்னுக்கோ பின்னுக்கோ சுழல வைப்பது கியர்ப் பெட்டியின் வேலை. முன்னே செல்ல ஒரு கைப்பிடியைத் தள்ளினால், தோல் போர்த்திய இரும்புக் கூம்பு ஒன்று, கிண்ணம் போன்ற மற்றோர் இரும்புக்குள் சென்று இறுகும். அந்த இறுக்கத்தின் வழியாகத்தான் இயந்திரத்தின் பலம் விசிறிக்குப் போகும். பின்னே செல்வதற்கு வேறோர் ஏற்பாடு. ஓர் இரும்பு வளையம் உருளையைக் கவ்விப் பிடிக்கும். அதில் தோல் கிடையாது.

படகோடு வந்த டிரைவர் கூம்பின் பழைய தோல் தேய்ந்துவிட்டதென்று கண்டு, புதுத் தோலைச் சென்னையிலிருந்து தருவிக்கலாம் என்றார்.

“தோலு மெட்ராஸ்லேர்ந்தா?” என்றார் நைனா. “ஏரிக்குக் கொடத்துல தண்ணி கொண்டாந்து ஊத்துவியா நீ?”

எருதின் முதுகுத் தோலில், தாமே நின்று பதனிட்டதில், தழும்பில்லாத இடமாகப் பார்த்து நைனா வெட்டிக் கொடுத்தார். டிரைவர் அதைக் கூம்பில் போர்த்திச் செப்பாணி அடித்தார். புதுத் தோல் வெடுக்கென்று கவ்வியது. படகு குலுங்கிக் குலுங்கிப் புறப்பட்டது.

“புதுத் தோலு இப்டித்தான் மொறைச்சிக்கும் மொதலாளி. ரெண்டு சொட்டு வெளக்கெண்ணெ வுட்டா சாந்தமாய்டும்” என்று சொல்லி, டிரைவர் அவ்வாறே செய்தார். படகு அமைதியாக ஓடிற்று. சில வாரங்களில், மனைவிக்குப் பிரசவம் என்று ஊருக்குப் போன டிரைவர் திரும்பி வரவில்லை. இயந்திரம் என் பொறுப்பாயிற்று. தோல் மாமாவின் பொறுப்பாயிற்று.

இந்த இடத்தில்தான் எங்கள் தொழிலின் வழக்கம் குறுக்கிட்டது. பதனிட்ட தோலுக்குப் புங்க எண்ணெய் தேய்த்து ஊற வைப்பது எங்கள் வேலையின் முடிவான அங்கம். எண்ணெய் காணாத தோல் பட்டினித் தோல். அதை வெளியே அனுப்புவது, முகம் கழுவாத பிள்ளையைக் கோயிலுக்கு அனுப்புவதற்குச் சமம். டிரைவர் இரண்டு சொட்டு விட்டார். மாமா அதைக் கஞ்சத்தனம் என்று கருதினார். படகு புறப்படும் ஒவ்வொரு காலையிலும் கியர்ப் பெட்டியின் மூடியைத் திறந்து, துணியில் எண்ணெய் தோய்த்துக் கூம்பைச் சுற்றித் தேய்ப்பார்.

“தோலுன்னா குடிக்கணும். குடிக்காத தோலு வெடிச்சிடும்” என்பார். எங்களில் ஒருவருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. சிறு சுமைகளில் படகும் எந்தக் குறையும் காட்டவில்லை.

அவ்வாண்டு ஐப்பசி மழை அளவு மீறிப் பெய்தது. ஏரி நிரம்பி, மிகுநீர் வெளியேறும் கலங்கல் வழியே புரண்டு ஓடியதில் எதிர்க்கரைச் சாலை துண்டுபட்டது. கரைக்குக் கீழே ஊறிய தண்ணீர் எங்கள் பட்டைக் கிடங்கில் இடுப்பளவு நின்றது. இருப்பிலிருந்த பட்டை முழுவதும் கெட்டது; பட்டைத் தொட்டிகளில் இருந்த சாறும் சேற்றோடு கலந்தது. அப்போது எங்கள் சுண்ணாம்புத் தொட்டிகளில் வேலூர் வியாபாரி ஒருவரின் ஆட்டுத்தோல்கள் ஊறிக்கொண்டிருந்தன. அவர் தம் தோல் முழுவதையும் எங்களிடம் ஒப்படைத்தது அதுவே முதல் முறை. அந்த நம்பிக்கையைப் பெற நைனா ஆண்டுக்கணக்கில் அவர் வாசலுக்கு நடந்திருந்தார்.

தோல் அளவோடு சுண்ணாம்பில் ஊறினால் மயிர் சுத்தமாகக் கழன்று வரும். அளவு மீறினால் தோலின் நாரே கரையும். வெளியே எடுத்துக் கழுவிவிட்டாலோ, உடனே பட்டைச் சாற்றில் போட வேண்டும், இல்லையேல் அழுகும். எடுக்கவும் முடியாமல், விடவும் முடியாமல் நைனா தொட்டி விளிம்பில் நின்றார்.

“இந்தத் தோலு கெட்டா அப்புறம் ஒருத்தனும் நம்மள நம்பி ஒரு வாலுகூட அனுப்ப மாட்டான்” என்றார் எங்களிடம். “நான் பழையபடி அடுத்தவன் தொட்டியிலதான் எறங்கணும். தெரிஞ்சிக்கினு போங்க.”

மீனவர்களின் படகுகளை வெள்ளத்தில் சிக்கியவர்களை ஏற்றிவரக் கொண்டுபோய்விட்டார்கள். எதிர்க்கரைக் கொட்டகையிலிருந்து பட்டையைக் கொண்டுவர எங்கள் இரும்புப் படகு ஒன்றே கதி. நானும் மாமாவும் கூலியாட்கள் இருவரும் புறப்பட்டோம். வெறும் படகு காற்றின் போக்கில் எளிதாகப் போய்ச் சேர்ந்தது. பட்டைக் கட்டுகளை நிறைய ஏற்றித் தார்ப்பாய் போர்த்தித் திரும்பினோம்.

கரையை விட்டுச் சிறிது தூரம் வந்ததும் இயந்திரம் திடீரென்று உரக்கக் கத்தத் தொடங்கியது. படகோ தளர்ந்து நின்றது. பின்புறம் தண்ணீரில் நுரையே இல்லை. எதிர்க்காற்று எங்களைத் திரும்ப அதே கரையில் கொண்டுபோய் ஒதுக்கியது. கரைமேல் நின்ற குடியானவர் ஒருவர் கைதட்டிக் கேட்டார்.

“இன்னா சார், சத்தம் ஜாஸ்தியா கீது, நகரவே மாட்டேங்குதே?”

“உங்க ஊரு பஞ்சாயத்துல வந்து கத்துக்கினுது” என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கும் நிலையில் இல்லை.

நான் முறையாகத்தான் ஆராய்ந்தேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். முதலில் விசிறியில் ஏரிப்பாசி சுற்றியிருக்கக் கூடும் என்று கூலியாளை முழுகிப் பார்க்கச் சொன்னேன். ஒரு நார்கூட இல்லை. பிறகு கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தேன். விசிறி நன்றாகச் சுழன்றது. படகு பின்னே நகர்ந்தது. ஆகவே இயந்திரம், தண்டு, விசிறி மூன்றும் குறையற்றவை. பழுது முன்னோக்கிப் போகும் ஏற்பாட்டில் மட்டுமே இருக்க வேண்டும். கைப்பிடியின் இணைப்புகளைப் பார்த்தேன். கூம்பு முழுதாக உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. மூடியைத் திறந்தேன். தோல் கிழியவில்லை, ஆணி ஒன்றும் கழலவில்லை. மாமா கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“பசு காது மாரி மெத்துன்னு கீது. தோலுல ஒண்ணும் இல்ல. உன் இரும்பப் பாரு.”

கூம்பை அழுத்தும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று முடிவு செய்து அதை முறுக்கினேன். மாமா தம் பங்குக்கு எண்ணெய் தேய்த்தார். மறுபடி புறப்பட்டபோது கூம்பு கவ்வியது, படகு போயிற்று, முன்பு நின்ற இடத்தைத் தாண்டவும் செய்தது. பின் அதே கத்தல், அதே தளர்ச்சி, அதே கரை. குளிர்ந்திருக்கையில் பிடித்தது, சூடேறினால் கைவிட்டது. அன்று பொழுது சாயும் வரை இதுவே நடந்தது. ஒவ்வொரு முறையும் நான் ஸ்பிரிங்கை இன்னும் இறுக்கினேன். மாமா இன்னும் சிறிது எண்ணெய் ஊட்டினார்.

ஒன்று கூற வேண்டும். அந்தப் பெட்டியிலிருந்து தோல் கருகும் வாடை வந்துகொண்டே இருந்திருக்கிறது. வேறெந்த ஊர்க்காரனாயினும் மூக்கைப் பொத்திக்கொண்டு, இது என்ன என்று கேட்டிருப்பான். நாங்கள் தோலின் நடுவே பிறந்தவர்கள். எங்கள் சட்டையிலும் சோற்றிலும் படுக்கையிலும் இருந்த வாடை அது. அதை ஒரு செய்தியாக எங்கள் மூக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் விடிந்ததும் காற்று தணிந்திருந்தது. படகு வழக்கத்தினும் நீண்ட தூரம் ஓடியது. எங்கள் கரையின் பனைகள் கண்ணுக்குத் தெரிந்தபோது மாமா ஜெபம் செய்யத் தொடங்கினார். ஏரி நடுவில் கூம்பு மீண்டும் கைவிட்டது. ஊன்றித் தள்ளலாமென்றால் நீளக் கோல் ஏரியின் அடியை எட்டவில்லை.

“பின்னால போவுதில்ல? பின்னாலயே போலாம்” என்றார் மாமா. “சேர்ந்தா போதும், மூஞ்சி எந்தப் பக்கம் இருந்தா இன்னா?”

படகைத் திருப்பி, பின்புறத்தை எங்கள் கரைக்குக் காட்டி ஓட்டினோம். கால்வாயின் அமைதியான நீருக்காகக் கட்டப்பட்ட தட்டையான பின்பக்கம் அது. ஒவ்வோர் அலையும் விளிம்பைத் தாண்டிப் பட்டைக் கட்டுகளின்மேல் விழுந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. நனைந்த பட்டையின் சாறு செந்நிறமாகப் படகின் அடியில் ஓடுவதைக் கண்டேன். நைனாவின் தொட்டிக்குப் போக வேண்டிய சாறு அது. கூலியாட்கள் அதைத் தகர டப்பாவால் மொண்டு ஏரியில் கொட்டினார்கள். அவ்வளவு நேரம் பின்னோக்கி ஓடுவதற்கென்று அமைந்ததன்று அந்த இரும்பு வளையம். அது சூடேறி, ஒரு வெடிப்போசையுடன் முறிந்தது. இப்போது முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கலங்கலின் பக்கமாக நீரோட்டம் எங்களை மெல்ல இழுத்தது. நங்கூரத்தைப் போட்டோம்; நல்லவேளையாகப் பற்றியது.

முறிந்த வளையத்தைக் கழற்ற ஸ்பானரைப் பிடித்தேன். கையெல்லாம் எண்ணெய், ஸ்பானர் பிடியில் நிற்காமல் சுழன்றது. நடுவே இருந்த ஒரு கட்டில் மட்டும் பட்டை உலர்ந்திருந்தது. அதன் தூளை அள்ளிக் கையில் பூசி மறுபடி பிடித்தேன். ஸ்பானர் அசையாமல் நின்றது. நான் என் கையைப் பார்த்தேன். பிறகு கூம்பைப் பார்த்தேன். அதன் தோல் என் கை இருந்த நிலையில்தான் இருந்தது. அதற்கு வேண்டியது எண்ணெயன்று, உலர்ச்சி. இறுக்கிப் பிடிப்பதற்காக வைத்த தோலை நாங்கள் வழுக்குவதற்குப் பழக்கியிருந்தோம். சூடேறியபோதெல்லாம் அது குடித்த எண்ணெயைக் கக்கியிருக்கிறது.

மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் கூம்பைத் துடைக்கத் தொடங்கினேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“கிருஷ்ணாயிலா? டேய், தோலக் கொல்றியேடா!”

“இது செருப்பில்லை மாமா. இது வழவழப்பாக இருக்கக் கூடாது.”

“காலேஜில இதான் சொல்லிக் குடுத்தாங்களா? உங்க நைனா கையால வெட்டின தோலுடா அது. வரட்டுப் பொடி போட்டா பாளம் பாளமா வெடிக்கும்.”

“வெடிக்கட்டும். கரை சேர்ந்த பிறகு வெடிக்கட்டும்.”

மாமா கையை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். துடைத்தேன், பட்டைத் தூளை அழுத்தித் தேய்த்தேன், எண்ணெய் ஊறி மேலே வந்ததும் சுரண்டி மறுபடி தேய்த்தேன். கைப்பிடியைத் தள்ளியபோது கூம்பு வெடுக்கென்று கவ்வியது. நங்கூரக் கயிறு விறைத்து நின்றது. நங்கூரத்தைத் தூக்கினோம்; அதன்பின் படகு ஓரிடத்திலும் நிற்காமல் கரை சேர்ந்தது.

ஷாப்பு வாசலில் நைனா நின்றிருந்தார். பட்டையைத் தொட்டுப் பார்த்தார், நனைந்ததையும் நனையாததையும் தாமே பிரித்தார், இடிக்கச் சொன்னார், புதுத் தொட்டியில் சாறு இறக்கினார். சுண்ணாம்பிலிருந்து தோல்களை எடுத்துக் கழுவி ஒவ்வொன்றாகச் சாற்றில் விரித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. காலதாமதம் ஆகியிருந்தாலும் தப்பியது என்று எண்ணினேன். பிறகு அவர் விரித்த தோல் ஒன்றை எடுத்துவைக்க நான் கை நீட்டினேன். என் விரல் அதற்குள் இறங்கியது. நீரில் ஊறிய காகிதத்தை எடுப்பது போலிருந்தது.

“நைனா...”

“காலையிலயே தெரியும்” என்றார். “நகத்தால கீறிப் பாத்துட்டேன். நீ எடு.”

தெரிந்தும் அவர் நிறுத்தவில்லை. கடைசித் தோல் வரை விரித்த பின்புதான் கை கழுவினார்.

வேலூர் வியாபாரியின் ஆள் வந்தார். அவர் ஒரு சுடுசொல்லும் கூறவில்லை. ஒரு தோலை எடுத்து இரு கையாலும் மெல்ல இழுத்தார், அது பிரிந்தது. இரண்டு துண்டுகளையும் தொட்டி விளிம்பில் ஒழுங்காக வைத்துவிட்டு, “வர்றேன் பெரியவரே” என்று போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் நைனாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதன்பின் வேறு எவரும் எங்களுக்குத் தோல் அனுப்பவில்லை.

மாமா கடைசி வரை எண்ணெயால் வந்த வினை என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. அவரைக் குறை கூற மாட்டேன். எண்ணெய் தோலைக் கெடுக்கும் என்று நம்புவது, பால் பிள்ளையைக் கெடுக்கும் என்று நம்புவது போன்றது அவருக்கு. ஆனால் ஊரார் கேட்டபோது அவர் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. “தோலு சரியில்ல போலக்கீது” என்று சொன்னார். முன்னே சொன்ன பேச்சு பிறந்தது அந்த ஒரு வாக்கியத்தில். அதைக் கேள்வியுற்ற அன்று நைனா படகுக்குப் போய்க் கூம்பிலிருந்த தோலைக் கழற்றச் சொன்னார். வெயிலில் பிடித்து மடித்தார், முறுக்கினார், பல்லால் கடித்துப் பார்த்தார். ஒரு வெடிப்பும் காணவில்லை.

“ஒரு கொறையும் இல்ல” என்றார். அதை அவர் என்னிடம் மட்டுமே சொன்னார். மைத்துனரைப் பொய்யராக்க அவர் விரும்பவில்லை; ஊருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

தை பிறந்ததும் நைனா ராணிப்பேட்டையில் பழைய ஷாப்பிலேயே வேலைக்குப் போனார். நான் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராகச் சேரும்வரை பொறுக்கும்படி வேண்டினேன், அவர் கேட்கவில்லை. ஒரு நாள் பகலில் சோறு கொண்டுபோனேன். அவர் சுண்ணாம்புத் தொட்டியின் படியில் நின்றிருந்தார். அவரைவிட மிகவும் இளையவரான அந்த ஷாப்பு மேஸ்திரி மேலே நின்று, “பாத்து எறங்குங்க மொதலாளி, வழுக்கும்” என்றார். அது மரியாதையா ஏளனமா என்று என்னால் இன்றளவும் துணிய முடியவில்லை. பக்கத்துத் தொட்டியில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை.

நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். வெள்ளைச் சுண்ணாம்பு நீர் முழங்காலைத் தொட்டது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

“கால்சட்ட போட்டுக்கினு இங்க இன்னா நிக்கற? சோத்த அங்க வெச்சிட்டுப் போ” என்றார். “யாராவது பாத்தா உன்னையும் இதுக்குத்தான் கூப்புடுவாங்க.”

நான் பாத்திரத்தைச் சுவரோரம் வைத்தேன். அவர் குனிந்து, அடியில் கிடந்த தோல்களைப் புரட்டத் தொடங்கினார்.